தலைக்கு மேல் போன கப்பல்

‘கண்மாய்க் கப்பல் ரசிகர்கள்’ என்ற வாட்ஸ்அப் குழுவில் இருநூற்றுப் பதினான்கு பேர் இருந்தார்கள். அதில் அந்த நாடகத்தின் முதல் ஆட்டத்தைப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். அவரும் பார்க்கவில்லை.

இந்தக் கடைசி விவரம் முகம்மது அனீஸுக்கும் அவர் மனைவி ஷஹீனாவுக்கும் மட்டுமே தெரியும். மற்றவர்களுக்கு, வீரசோழனில் செருப்புக் கடை வைத்திருக்கும் அனீஸ் பாய் சொல்வதுதான் தீர்ப்பு.

பாட்டாலேயே நடக்கும் நாடகம் அது. உப்பு வியாபாரத்துக்குப் போகிற புருசன், திரும்பி வந்தால் கப்பலில்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். ஊரில் கடல் கிடையாது. கண்மாய் உண்டு, அதில் தண்ணீர் கிடையாது. பெண்டாட்டி காய்ந்த கண்மாய்க் கரையில் நின்று இரண்டரை மணி நேரம் பாடுகிறாள். கடைசியில் கப்பல் வந்துவிடுகிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து ஜனங்கள் யாரும் இது எப்படி நடக்கும் என்று கேட்டதில்லை. வருசா வருசம் கண்மாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களுக்குத் தண்ணீர் வருவதும் கப்பல் வருவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சண்டையெல்லாம் கப்பல் எப்படி வந்தது என்பதில்தான். முதல் குழு கலைந்த பிறகு யார் யாரோ நாடகத்தை எடுத்துப் போட்டார்கள். திருச்சுழிக்கு வந்த குழு அட்டைக் கப்பலுக்குச் சக்கரம் வைத்திருந்தது. சக்கரம் மேடைப் பலகைச் சந்தில் மாட்டிக்கொள்ள, கதாநாயகன் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தான். சென்னையில் ஏசி மண்டபத்தில் போட்டவர்கள் பெரிய திரையில் கப்பலை ஓட்டினார்கள்.

“அட்டைக் கப்பல்னாலும் நான் அழுதேன்” என்று குரல் பதிவு போட்டார் பாளையம்பட்டி செல்லப்பாண்டி. வயரிங் வேலை செய்பவர். குழுவில் அனீஸை எதிர்த்துப் பேசும் ஒரே ஆள். நேரில் டீ வாங்கிக் கொடுக்கும் ஒரே ஆளும் அவர்தான்.

“ஏலே, நீ கல்யாண வீடியோ பாத்தே அழுறவன்” என்று அனீஸ் பதில் போட்டார். “முதல் ஆட்டத்துல கப்பல் எங்கிட்டு வந்துச்சு தெரியுமா? மேடையில இல்லப்பா. ஜனங்களுக்குப் பின்னாடி இருந்து! பாய்மரச் சீலை, அம்புட்டு நீளம், வெள்ளை வெளேர்னு எல்லார் தலைக்கு மேலயும் போகுது. கயிறு கர்ர்... கர்ர்னு இழுபடுது. சனம் மொத்தமும் ‘ஆ’ன்னுச்சு. பாட்டுக்கார அம்மா குரலு கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து வர்ற மாதிரி... வேணாம், சொன்னா ஒனக்கு வெளங்காது.”

ஊரில் உண்மையாகவே முதல் ஆட்டம் பார்த்தவர்கள் இருந்தார்கள். கேட்டால், “நல்லா இருந்துச்சு” என்பதோடு முடித்துக்கொண்டார்கள். நல்ல ரசிகர்கள் பார்த்ததோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பார்க்காதவர்களுக்குத்தான் இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

நடந்தது இதுதான். பத்தொன்பது வருசத்துக்கு முன்னால் அனீஸ் சவூதியில், தம்மாமில் ஒரு பலசரக்குக் கடையில் நின்றுகொண்டிருந்தார். வீரசோழன் சந்தைத் திடலில் நாடகம் என்று தெரிந்ததும், வாங்கி வைத்திருந்த போன் கார்டுகளை வரிசையாகத் தேய்த்தார். ஷஹீனா கையில் போனைப் பிடித்துக்கொண்டு குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே உட்கார்ந்தாள். இவர் இரும்புக் கட்டிலின் மேல்தட்டில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசிக் காட்சியில் திடீரென்று ஸ்பீக்கர் ஓய்ந்தது. சனம் ‘ஆ’ என்றது. கர்ர்... கர்ர்... என்று கயிறு இழுபடும் சத்தம். பிறகு வெகு தூரத்தில் ஒரு பெண் குரல், தனியாக. அத்தோடு கார்டு தீர்ந்தது.

மறுநாள், “கப்பல் எப்படிடி வந்துச்சு?” என்று கேட்டதற்கு ஷஹீனா, “வந்துச்சு வந்துச்சு. புள்ளைக்குச் சளி, அதக் கேளுங்க” என்றாள். ஆகவே மீதியை அனீஸ் தானாகவே பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் சீலை ஒரு முழம் நீண்டது.

இந்த வருசம் அருப்புக்கோட்டையில், அதே குழுவில் இருக்கும் யுவராணி என்ற பெண் நாடகத்தை மறுபடி எடுத்தாள். அவளே அனீஸுக்குப் போன் செய்தாள்.

“அண்ணே, ஒங்க வாய்ஸ் நோட்டு எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன். நீங்க பாத்த அதே மாதிரிதான் கப்பல் வருது.”

அனீஸுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோசம் போஸ்டர் ஒட்டும்வரை இருந்தது. போஸ்டரில், சிறப்பு விருந்தினர் முத்துத்தாய் என்று போட்டிருந்தது. முதல் ஆட்டத்தில் பாடிய அம்மா. அந்த மேடையிலேயே நின்றவர். சீலை வந்ததா வரவில்லையா என்று சாட்சி சொல்லத் தகுதியுள்ள ஆள்.

அனீஸ் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தன் மானம் போவது ஒரு பக்கம். அதில் ஏற்கெனவே அங்கங்கே ஒட்டுப்போட்டுத்தான் இருந்தது. இந்தப் புள்ளையின் உழைப்பு முழுவதும் ஒரு செருப்புக் கடைக்காரனின் பீலாவின் மேல் நிற்கிறது என்று மேடையில் வைத்து அந்த அம்மா சொல்லிவிட்டால்? மூன்றாவது நாள் யுவராணிக்குப் போன் செய்தார்.

“யம்மா, ஒரு விசயம்...”

“அண்ணே, தறிக்காரங்க சீலையக் குடுத்துட்டாங்க! ஏழு பேரு உக்காந்து தைக்கிறோம். நீங்க மட்டும் அன்னைக்குப் பாக்கலேன்னா இது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்ணே. சொல்லுங்க, என்ன விசயம்?”

“கயிறு... கயிறு மட்டும் நல்ல கயிறாப் பாத்துக்கங்க” என்று சொல்லிப் போனை வைத்தார்.

“வரலன்னு சொல்லிருங்க” என்றாள் ஷஹீனா.

“பத்தொம்பது வருசமாப் பாக்காத நாடகத்த, இப்பவும் பாக்காம இருக்கவா?” என்றார் அனீஸ்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆட்டம். கல்யாண மண்டபம் நிறைந்துவிட்டது. செல்லப்பாண்டி இடம் பிடித்து வைத்திருந்தார். முன்வரிசையில் முத்துத்தாயின் வெள்ளைக் கொண்டை தெரிந்தது. அனீஸ் அதைப் பார்க்காமல் இருக்க முயன்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாட்டுக்காரி தேவல. தபேலா அவசரப்படுறான்” என்று செல்லப்பாண்டி காதில் சொன்னார். அனீஸ் கொண்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “ஏலே, மேலுக்குச் சரியில்லையா? குத்தமே சொல்லாம உக்காந்திருக்க?”

கடைசிக் காட்சி வந்தது. பாட்டு நின்றது. மண்டபத்துக்குப் பின்னால் எங்கோ கர்ர்... என்றது. கிணற்றுக் கப்பியில் வடக்கயிறு ஏறுகிற சத்தம். அனீஸ் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியமில்லை. அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும்.

முதலில் கஞ்சி வாசம் வந்தது, புதுத்துணி வாசம். பிறகு பின்வரிசைகளில் ‘ஆ’ என்ற சத்தம் கிளம்பி, வரிசை வரிசையாக முன்னால் ஏறி வந்தது. வெளிச்சம் பால்போல மாறியது. நிமிர்ந்தார். தலைக்கு மேலே கூரையை மூடிக்கொண்டு சீலை போய்க்கொண்டிருந்தது. யாரும் சொல்லாமலே ஜனங்கள் கையை உயர்த்தி அதை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வளையல் கைகள், காப்புக் காய்த்த கைகள், மருதாணி வைத்த குழந்தைக் கைகள். கைகளின் மேல் அலை எழுந்து விழுந்து, காய்ந்த கண்மாயை நோக்கிக் கப்பல் போனது. தம்மாமில் இரும்புக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தபோது போன அதே கப்பல். ஒரு முழம் கூடவில்லை, குறையவில்லை.

“யா அல்லாஹ்” என்றார் அனீஸ். எழுந்து நின்று அவரும் கையை உயர்த்தினார். துணி உள்ளங்கையில் உரசிப் போனது. பொய் இவ்வளவு மிருதுவாக இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

பக்கத்தில் செல்லப்பாண்டி தேம்பிக்கொண்டிருந்தார். “ஏலே, நீ சும்மா அளக்குறன்னு நெனச்சேன்டா. மன்னிச்சிரு.”

அனீஸ் கையை இறக்கிக்கொண்டார்.

கைதட்டல் ஓய்ந்ததும் யுவராணி முத்துத்தாயைக் கையைப் பிடித்து மேடையேற்றினாள். அம்மா மைக்கை வாங்கிக்கொண்டு, மேடையில் குவிந்து கிடந்த சீலையையே பார்த்தார்.

“இப்பிடித்தான் அன்னைக்கும் வந்துச்சுன்னு இந்தப் புள்ள சொல்லுது. யாரு சொன்னா ஒனக்கு?”

யுவராணி கை காட்டினாள். மண்டபமே திரும்பியது.

“ஐயா எங்க உக்காந்திருந்தீக அன்னைக்கு?”

ஷஹீனா பெண்கள் பக்கத்திலிருந்து தலையை ஆட்டுவது தெரிந்தது. ஆமாம் என்றா, வேண்டாம் என்றா தெரியவில்லை.

“தம்மாம்லம்மா.”

“அது எந்தப் பக்கம்?”

“சவூதில. நான் பாக்கவே இல்லம்மா. எம் பொஞ்சாதி போனப் பிடிச்சுச்சு, கேட்டேன். மத்ததெல்லாம் நானாச் சொன்னது. இந்தப் புள்ள மேல தப்பில்ல.”

மண்டபத்தில் சிரிப்பு வெடித்தது. செல்லப்பாண்டி வாய் பிளந்தபடி உட்கார்ந்திருந்தார். அம்மா சிரிக்கவில்லை. கையை உயர்த்தி அடக்கினார்.

“அன்னைக்குக் கடைசிப் பாட்டு எடுக்கப் போறேன், கரண்டு போயிருச்சு. பந்தல் வயரு கருகிப்போச்சு. எம்புட்டு இருட்டு! ஜெனரேட்டரு கயித்த கர்ரு கர்ருன்னு இழுக்குறாக, அது கெளம்பல. மைக்கு இல்ல. பின்னாடி கட்டித் தொங்கவிட்டிருந்த கப்பல் படுதாவ யாரும் பாக்கல. நானும் பாக்கல. இருட்டப் பாத்தே பாடுனேன், அதுல கப்பல் வருதுன்னு நெனச்சுக்கிட்டு.” சீலையைக் குனிந்து தொட்டார். “அங்கன இருந்த ஆயிரம் பேருக்கும் ஒண்ணும் தெரியல. நீங்க ஒருத்தருதான்யா பாத்திருக்கீக.”

யுவராணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கு வயரிங் யாரு பாத்தது?” என்று செல்லப்பாண்டி கத்தினார். தாங்க முடியாத இடத்தில் மனிதனுக்குத் தொழில்தான் கைகொடுக்கிறது. மறுபடி சிரிப்பு. இந்த முறை அம்மாவும் சிரித்தார்.

வெளியே டீக்கடையில் ஷஹீனா இவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கரண்டு போனது ஒனக்குத் தெரியும்ல? ஏன்டி சொல்லல?”

“அப்புறம் சொல்லலாம்னுதான் வாயத் தெறந்தேன். நீங்க சீலை, வெள்ளை வெளேர்னு ஆரம்பிச்சுட்டீக. இருட்டுல ஒக்காந்திருந்த எனக்கும் அதுதானே பாக்கக் கெடைச்சுச்சு.”

செல்லப்பாண்டி டீயை நீட்டினார். கோபமா சிரிப்பா என்று முகம் இன்னும் முடிவு செய்யவில்லை. “குரூப்புல எல்லாரும் கேக்குறாங்க, பொய்க்காரா. இன்னைக்கு ஆட்டம் எப்பிடின்னு ஒரு வாய்ஸ் நோட்டுப் போடு.”

அனீஸ் போனை வாய்க்கருகே வைத்து அழுத்தினார். முதல் ஆட்டம் மாதிரி வராது என்று எத்தனையோ தடவை ஆரம்பித்த வாய். திறந்தது, திறந்தபடி நின்றது. ஒரு மினிபஸ் ஹாரன் அடித்துப் போயிற்று. டீ ஆற்றும் சத்தம் கேட்டது. பதினோரு விநாடி கழித்து விரலை எடுத்தார், பதிவு குழுவுக்குப் போய்விட்டது.

செல்லப்பாண்டி அதைக் காதில் வைத்து முழுவதும் கேட்டார்.

“இது சரியாச் சொல்லிருக்க” என்றார்.