நெருப்புக்கோழி மாவு ஆலையின் சரியான விலை

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் வரும் நெருப்புக்கோழி மாவு ஆலையின் பங்குகள் என்னிடம் நாலாயிரம் இருக்கின்றன. பங்கு ஆறு ஷில்லிங் என்று வாங்கியவை. கதை எப்படி முடிகிறதோ, அதைப் பொறுத்து எனக்கு லாபமோ நட்டமோ வரும். எழுத்தாளனுக்குத் தன் பாத்திரங்களின் தலைவிதியில் அக்கறை இருக்க வேண்டும் என்பார்கள். இந்த அளவுக்கு இருக்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை.

(ஆலையின் பெயர் நான் வைத்தது. உண்மைப் பெயரைப் போட்டால் நாளைக்கு வக்கீல் நோட்டீஸ் வரும். மாவுக்கும் நெருப்புக்கோழிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள்.)

கதை என்னிடம் நடந்தே வந்தது. மச்சாகோஸ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் பள்ளிக்கூட வாத்தியார். போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, சந்தையில் மாம்பழமும் அவரையும் விற்கும் சியோம்புவா வந்து, பங்குக் கணக்குத் தொடங்கும் விண்ணப்பத்தை நீட்டினாள்.

"அறுபத்தோரு காப்பி போடுங்க வாத்தியாரே."

"அறுபத்தொண்ணா? யாருக்கு?"

"எங்க ஊருக்கு. கைக்குழந்தைங்கள விட்டுட்டேன். அதுங்க கோழி திங்காது."

2

ஆரம்பம் மூன்று தடவை எழுதினேன்.

சியோம்புவா ஒரு விதவை. அடித்துவிட்டேன். புருஷன் குத்துக்கல் மாதிரி இருக்கிறார்.

விடிகாலை மூன்று மணி இருட்டில், தலையில் குடத்தோடு சியோம்புவா ஆற்றுக்கு. இதையும் விட்டுவிட்டேன். அவள் ஆற்றுக்குப் போவது காலை ஆறு மணிக்கு, குடத்தோடு அல்ல, மஞ்சள் கேனோடு. மூன்று மணி என்றால் உங்களுக்குக் கண் கலங்கும் என்று பார்த்தேன்.

நேராகச் சொல்கிறேன். ஒன்பது பெண்கள். சீட்டுக்கும் சங்கத்துக்கும் நடுவில் ஒரு சேமிப்புக் குழு. தாமதமாக வந்தால் ஐம்பது ஷில்லிங் அபராதம், கூட்டத்தில் தூங்கினால் நூறு. பன்னிரண்டு வருஷம் சேர்த்தார்கள். ஒன்பது வீட்டுக்கும் ஆளுக்கொரு தண்ணீர்த் தொட்டி என்பது திட்டம். பணம் சரியாகச் சேர்ந்த மாதம் சியோம்புவாதான் எழுந்து, "தொட்டி எங்கயும் ஓடிப் போகாது. ரெண்டு வருஷம் ஆலைப் பங்குல போட்டா தொட்டியும் வரும், குழாயும் வரும்" என்றாள். பதினேழு ஷில்லிங்குக்கு வாங்கினார்கள். ஏழுக்கு இறங்கியது.

சியோம்புவாவை யாரும் திட்டவில்லை. தண்ணீர் எடுக்கப் போகும்போது அவளைக் கூப்பிடாமல் போக ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான். அது அவளைத் தின்றது.

3

அவள் முதல் கணக்கு இங்கேதான் பிறந்தது. ஆலையின் ஆண்டுக் கூட்டத்துக்கு வரும் ஒவ்வொரு பங்குதாரருக்கும் ஒரு பை கொடுப்பது வழக்கம். பாதிக் கோழி, ரொட்டி, ஜூஸ், இரண்டு கிலோ மாவு, ஒரு தொப்பி. ஆயிரம் பங்கு வைத்திருந்தாலும் ஒரு பை; ஒற்றைப் பங்கு வைத்திருந்தாலும் ஒரு பை. பையின் விலை ஐந்நூறு ஷில்லிங். பங்கின் விலை ஏழு.

"ஏழு போட்டா ஐந்நூறு. இதைவிட மலிவான கம்பெனி உலகத்துல உண்டா?" என்று குழுவில் கேட்டாள்.

எல்லாரும் விரல் விட்டு எண்ணிப் பார்த்துத் தலையாட்டினார்கள். நானும் யோசித்துப் பார்த்தேன், பிழை எங்கே என்று சட்டென்று பிடிபடவில்லை. ஊரில் அறுபத்தோரு பேர் ஆளுக்கு ஒரு பங்கு வாங்கினார்கள். அந்த வருஷம் பார்த்து ஆலை கூட்டத்தை செல்போனில் நடத்தியது. செல்போனில் கோழி வரவில்லை.

(இங்கே ஒரு குறிப்பு. இந்த அத்தியாயத்தைப் படித்துக் காட்டியபோது சியோம்புவாவுக்குக் கோபம் வந்தது. "என்னை லூசு மாதிரி எழுதியிருக்கீங்களே! நீங்க ஆறு ஷில்லிங்னு எதை வச்சு வாங்கினீங்க?" என்றாள். விலை குறைவாக இருந்ததே என்றேன். "அப்ப உங்களையும் எழுதுங்க." எழுதிவிட்டேன்.)

4

பிறகு தேவாலய மண்டபத்தில் ஒரு பங்குத் தரகர் மூன்று சனிக்கிழமை இலவச வகுப்பு எடுத்தார். பங்கின் விலையை ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தால் வகுத்தால், போட்ட காசை லாபம் எத்தனை வருஷத்தில் ஈடுகட்டும் என்று தெரியும் என்றார். சியோம்புவா கை தூக்கினாள்.

"சார், பையை எந்த வரியில சேர்க்கணும்? வரவா, சொத்தா?"

"எந்தப் பைம்மா?"

"கோழிப் பை."

தரகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது கம்பெனிக்குச் செலவும்மா."

"கம்பெனிக்குச் செலவுன்னா... யார் காசு அது?"

"பங்குதாரர்கள் காசு."

அவள் மெல்ல உட்கார்ந்தாள். "அடிப்பாவிகளா, அது நம்ம கோழியா?" என்று பக்கத்திலிருந்த நாத்தனார் நிதென்யாவின் தொடையில் அறைந்தாள்.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. ஆலையின் ஆண்டறிக்கையை என் கடையில் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்து, மாம்பழக் கூடைமேல் விரித்து வைத்துப் படித்தாள். ஒரு பங்குக்கு லாபம் மூன்று ஷில்லிங். நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஆலை நிலம், நாற்பது வருஷத்துக்கு முன் வாங்கிய விலையிலேயே கணக்குப் புத்தகத்தில் கிடக்கிறது. எப்படிப் போட்டாலும் பங்கு இருபதுக்குக் குறையாது என்று கண்டுபிடித்தாள்.

அந்த வாரமே நோட்டீஸ் வந்தது. ஆலையின் முதலாளி குடும்பம் மற்ற எல்லாருடைய பங்கையும் ஒன்பது ஷில்லிங்குக்கு வாங்கிக்கொள்ள விரும்புகிறது. ஓட்டு முதலாளி குடும்பத்துக்குக் கிடையாது. மற்றவர்களில் கை தூக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு, எத்தனை பங்கு என்பது பொருட்டல்ல. கூட்டம் இந்த முறை நேரில். பையில் முழுக் கோழி. கூடவே ஒரு கம்பளி.

"கம்பளியா!" என்றாள் குழுத் தலைவி கலெக்யே.

"அக்கா, வருஷம் மூணு குட்டி போடற ஆட்டை ஒன்பது குட்டி விலைக்குக் கேக்கறான்."

"போன தடவ நீ சொன்னதக் கேட்டுத்தான்டி இன்னைக்கு ஏழுல நிக்கறோம். இப்ப ஒன்பது குடுக்கறான், கம்பளியும் குடுக்கறான்."

"ஒன்பதுன்னா நாலு தொட்டிதான்கா வரும். நாம ஒன்பது பேரு. யார் அந்த அஞ்சு பேரு?"

கலெக்யே அபராதப் புத்தகத்தைப் புரட்டினாள்.

5

முடிவுகள். மூன்று வைத்திருந்தேன்.

எல்லாரும் எதிர்க்கிறார்கள், முதலாளி பணிந்து இருபத்திரண்டு தருகிறார், ஒன்பது தொட்டிகளிலும் மழை. எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது.

எல்லாரும் கம்பளிக்குக் கை தூக்குகிறார்கள், நாலு தொட்டிக்குச் சீட்டுக் குலுக்குகிறார்கள், சியோம்புவா தன் பெயரை எழுதாமல் வெற்றுச் சீட்டை மடித்துப் போடுகிறாள். இதை எழுதிய கையோடு கிழித்துவிட்டேன்.

கோழி லாரியின் டயர் வெடிக்கிறது. இது முடிவல்ல, தப்பித்தல்.

என் பக்கத்தையும் சொல்லவேண்டும். தீர்மானம் நிறைவேறினால் எனக்குப் பன்னிரண்டாயிரம் ஷில்லிங் நிச்சய லாபம். ஜெராக்ஸ் மெஷின் சாகக் கிடக்கிறது. தோற்றால் பங்கு இருபதும் ஆகலாம், நாலும் ஆகலாம். ஆகவே இந்தக் கதையை எழுத என்னைவிடத் தகுதியற்றவன் யாருமில்லை.

6

இதைக் கூட்டம் நடக்கும் கூடாரத்தில் உட்கார்ந்து, நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். எண்பது பேர், அதில் அறுபத்தோரு பேர் சியோம்புவா ஊர்க்காரர்கள். பைகள் மேடைக்குப் பின்னால் மலையாகக் குவிந்திருக்கின்றன. கோழி வாசனை வருகிறது. மணி இரண்டு, யாரும் சாப்பிடவில்லை.

"தீர்மானம் நிறைவேறியதும் பைகள் வழங்கப்படும்" என்கிறார் தலைவர்.

சியோம்புவா எழுந்துவிட்டாள்.

"ஐயா, பையை முதல்ல குடுங்க. அது எங்க காசுல வாங்கினது. பசியோட கை தூக்கச் சொல்லாதீங்க."

சிரிப்பு. தலைவரும் சிரிக்கிறார். பை வரவில்லை. "ஆதரிப்பவர்கள்?" என்கிறார்.

கைகள் எழுகின்றன. எத்தனை என்று நான் எழுதமாட்டேன். என் எண்ணிக்கையை நீங்கள் நம்பக்கூடாது. கலெக்யேயின் கை தோள் உயரம் வந்து அங்கேயே நிற்கிறது. நான் தூக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"எதிர்ப்பவர்கள்?"

சியோம்புவாவின் கை. ஒற்றைக் கை. அவள் திரும்பி நிதென்யாவைப் பார்க்கிறாள், கலெக்யேயைப் பார்க்கிறாள். பிறகு என்னை.

"வாத்தியாரே, எழுதினது போதும்."

என் இடது கை இந்தக் காகிதத்தை முழங்காலில் அழுத்திப் பிடித்திருக்கிறது. எழுதுவதும் தூக்குவதும் வலது கைதான். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. மற்ற கைகளை நீங்கள் எண்ணிக்கொள்ளுங்கள், உங்களுக்கு இந்த ஆலையில் பங்கு இல்லையென்றால். நான்