பதினோரு நிபுணர்களுக்கு ஒரே மெயில்

ஒருவர்கூடப் பதில் போடவில்லை. காது மருத்துவர்கள், ஒலியை அளக்கும் பொறியாளர்கள், ஆலைப் பாதுகாப்பு அதிகாரிகள் என்று தேடித் தேடிப் பிடித்த பதினோரு முகவரிகளையும் வரிசையாகப் போட்டு, ஒரே மெயிலாகத் தட்டிவிட்டிருந்தாள். இன்பாக்ஸ் வறண்டு கிடந்தது.

“படிச்ச திமிரு,” என்று பல்லைக் கடித்தாள். அவளும் படித்தவள்தான், அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். ஆனால் திமிருக்கு இன்னும் பட்டம் வாங்கவில்லை.

நூற்பாலை இரைச்சல் தொழிலாளிகளின் காதை என்ன செய்கிறது என்பது அவளுடைய கல்லூரி ஆய்வு. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு நிபுணரின் பேட்டியாவது வராவிட்டால் அதை மூட்டை கட்டிவிட்டு, கல்லூரிக் கேன்டீன் பற்றிக் கருத்துக்கணிப்பு எடுக்கச் சொல்லிவிட்டார் வழிகாட்டிப் பேராசிரியர். ஆலையில் உழைத்தே பாதிக் காது போன அம்மாவை வீட்டில் வைத்துக்கொண்டு, கேன்டீன் காபியில் சர்க்கரை போதுமா என்று ஊரைக் கேட்டுத் திரிவதா?

“பதில் போடலன்னா நேர்ல போய் நில்லுடி! மூஞ்சியப் பார்த்து முடியாதுன்னு சொல்லட்டும்!” என்று அம்மா கத்தினாள். அம்மாவுக்கு அதுதான் சாதாரணக் குரல்.

போய் நின்றாள். பெரிய ஆஸ்பத்திரி, காது மருத்துவப் பிரிவு. நோயாளிகள் எல்லோரும் போனபின், அந்தப் பதினோரு பேரில் ஒருவரான டாக்டரம்மா ஆறிப்போன மதியச் சாப்பாட்டைப் பிரித்தார். ஆலை இரைச்சல் என்று இவள் வாயெடுத்ததுமே நிமிர்ந்தார்.

“பதினோரு பேருக்கு ஒரே மெயில் போட்ட பொண்ணா? எங்களுக்குள்ள எல்லாரும் பழக்கம்மா. அவர் சொல்லுவாரு, இவர் சொல்லுவாருன்னு ஆளாளுக்குக் கைய கட்டிட்டு உக்காந்துட்டோம். பொதுவா கூப்பிட்டா யார் வீட்டுக்கு வருவா?”

“மெயில் தப்புதான் மேடம். கேள்வி தப்பில்லையே? பதினோரு பேர்ல ஒருத்தருக்குக்கூடவா உறைக்கல?”

சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். டாக்டரம்மாவோ வாயில் சோற்றோடு சிரித்துவிட்டார். “நியாயம்தான். உக்காரு, கேளு.”

கேட்டாள். சாப்பாட்டை மறந்து பதில் வந்தது. காதுக்குள் மெல்லிய முடிபோல் நிற்கும் செல்களைத் தாளில் வரைந்தார். “புல்லு மேல நடந்தா சாயுமில்ல, அந்த மாதிரி. புல்லு நிமிந்துக்கும். ஓயாம மிதிபட்டா இது நிமிராது.” இவ்வளவு சிக்கலை இவ்வளவு எளிதாகச் சொல்ல எத்தனை படித்திருக்க வேண்டும் என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

“ஆலையில காதடைப்பான் குடுத்தும் தொழிலாளிங்க ஏன் மேடம் போட மாட்டேங்குறாங்க?”

பேனா நின்றது. “தெரியாது.”

“என்ன மேடம்?”

“தெரியாதும்மா. அறியாமைன்னு நானே கட்டுரையில எழுதியிருக்கேன். அது ஊகம். ஒருத்தரையும் உக்காரவெச்சுக் கேட்டதில்ல. அப்படியே எழுதிக்கோ.”

கல்லூரியில் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பதிலை அள்ளி வீசும் ஆட்களையே பார்த்தவள் அவள். தன் கட்டுரையைத் தானே இப்படி வெட்டிச் சாய்க்கும் படிப்பை அன்றுதான் பார்த்தாள். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கூச்சத்தில் தலையை மட்டும் ஆட்டினாள்.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் முகம் சுளித்தார். “நிபுணரே தெரியாதுங்குறாங்க, இதுக்குப் பேரு பேட்டியா? அந்த வரிய எடுத்துடு. கையெழுத்துப் போடுறேன்.”

ஒரு வரியை எடுத்தால் ஆய்வு பிழைத்துவிடும். கை பேனாவரை போனது.

“எடுக்க மாட்டேன் சார். அவங்க சொன்னதுலயே பெரிய விஷயம் அதுதான். நம்பலன்னா நீங்களே கேளுங்க.”

பேராசிரியர் முறைத்தபடியே டாக்டரம்மாவை ஃபோனில் பிடித்தார். ஸ்பீக்கரில் குரல் தெளிவாக வந்தது.

“அந்த வரிய எடுத்தீங்கன்னா என் பேரையும் எடுத்துடுங்க சார். எங்களுக்குத் தெரியாதத இந்தப் பொண்ணு கண்டுபிடிச்சுக் குடுத்தா, முதல்ல படிக்கப்போறது நான்தான்.”

பேராசிரியர் ஃபோனை வைத்தார். பிறகு, தலைப்பையும் மாற்றாமல், அந்த வரியையும் எடுக்காமல் கையெழுத்துப் போட்டார்.