ஹாஜி துராக்மானின் கோரைப்பல்

ஹாஜி துராக்மானின் பல்வலி ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் வாயை விட்டுக் கிளம்பி, மனைவி ஹோஸ்னியாவின் வாயில் குடியேறியது. இந்தோனேசியாவின் மதுரா தீவில், தென்கரையில், உப்பளங்களை ஒட்டிய அந்த ஊருக்கு அவர் பதினோரு ஆண்டுகளாகத் தலைவர். மெக்காவுக்குப் போய்வந்தவர்கள் பல்லுக்குத் தங்க உறை போட்டுக்கொள்வது அங்கே வழக்கம். அவர் போட்டுக்கொண்டது மேல்வரிசை இடது கோரைப்பல்லில், அதுவும் தேர்தலுக்கு நான்கு மாதம் இருக்கையில். அந்தப் பல் உள்ளே அழுகியிருந்தது. முதலில் டாக்டரிடம் போய்ச் சொத்தையைச் சுரண்டி வேரைச் சுத்தம் செய்துகொண்டு வரும்படி, சந்தையில் பல் கட்டும் சுத்ராவி கெஞ்சிப் பார்த்தார். "உள்ள என்ன இருந்தா யாருக்குய்யா தெரியப்போகுது? வெளிய மின்னணும், அவ்வளவுதான்," என்றார் ஹாஜி. அவருடைய பதினோரு ஆண்டு நிர்வாகத்தையும் இந்த ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம்.

உறை ஏறிய மறுநாள் அவர் சுகமாக எழுந்தார். ஹோஸ்னியா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சோளச்சோற்றை அவளால் மெல்ல முடியவில்லை, தண்ணீர்கூட முள்ளாக இறங்கியது. சுகாதார நிலையத்தில் டாக்டர் ரெத்னோ முப்பத்திரண்டு பற்களையும் தட்டிப் பார்த்தாள். "உங்க பல்லு கல்லு மாதிரி இருக்குக்கா. இது வீட்டுக்காரரோட வலி. அவரக் கூட்டிட்டு வாங்க, உறையக் கழட்டி வேரச் சுத்தம் பண்ணிடலாம்," என்றாள். அந்த ஆண்டில் இப்படி இடம் மாறி வந்த வலி இது மூன்றாவது என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டாள்.

ஹோஸ்னியா வீடு திரும்பியபோது ஹாஜி வாத்துப் பொரியலை இடதுபக்கமாகவே கடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எலும்பும் அவள் தாடையில் நொறுங்கியது. டாக்டர் சொன்னதைச் சொன்னாள். "தேர்தல் முடியட்டும். பொம்பளைங்க வலி தாங்கத்தானே பொறந்தீங்க? நீ புள்ள பெக்கலயா?" என்றார். அவருடைய எடுபிடி மிஸ்னாடின் அதற்கும் சிரித்தான்.

நாற்பத்தேழு நாள் பொறுத்தாள். நாற்பத்தெட்டாம் நாள், ஹாஜி கண்ணாடி முன் நின்று, கொடியில் காய்ந்த அவளுடைய முக்காட்டின் முனையால் அந்தத் தங்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் இந்த ஆளுக்கா பயந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தத் தீவில் கல்யாணமானால் ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். அவருடைய சட்டைகளையும் தொப்பிகளையும் தேர்தல் சுவரொட்டிகளையும் மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்தாள்.

"இது எங்கம்மா வீடு. உங்க பல்ல எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க."

"நான் போனா வலி போயிடும்னு நெனப்பா உனக்கு?"

"போகாட்டிப் போகுது. உங்க மூஞ்சியப் பாக்காமலாவது வலிக்கட்டும்."

ஹாஜி தெருமுனையைத் தாண்டியதும் அவளுக்கு வலி நின்றது. பின்னால் மூட்டை சுமந்துபோன மிஸ்னாடின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மூன்றாம் நாள் அவன் கடல் தாண்டிச் சுரபாயா நகரத்துக்கு ஓடிவிட்டான்.

தேர்தலில் ஹாஜி ஜெயித்தார். சுவரொட்டியில் பல் நன்றாக மின்னியிருந்தது. முடிவு அறிவித்த மறுநாள் காலை எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர் இடது கன்னம் வீங்கி எழுந்தார்கள். அவர் வாங்கிய ஓட்டும் அவ்வளவுதான். எதிராகத்தான் போட்டேன் என்று குர்ஆன் மேல் சத்தியம் செய்தவர்களைக் கன்னம் காட்டிக்கொடுத்தது. தோற்றவரின் சொந்த மருமகனே ஒரு வாரம் வெளியே தலைகாட்டவில்லை. ஹோஸ்னியா கருவாடு வாங்கச் சந்தைக்குப் போனபோது, வீங்கிய பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"நீ எப்படிக்கா தாங்குன?"

"நான் எங்கடி தாங்குனேன்? வெளிய தள்ளுனேன்."

அவர்களுக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. உறையைக் கழற்றச் சொல்லி ஹாஜியிடம் ஒரு குழு போனது. அவர் சிரித்தார், என்ன பளபளப்பு என்று வியந்தபடி குழு திரும்பி வந்தது. சுத்ராவி பல் கட்டுவதை விட்டுக் கிராம்பு எண்ணெய் விற்கத் தொடங்கினார். ஆறு ஆண்டுகள் ஊரில் பாதி வலதுபக்கமாகவே மென்றது. அடுத்த தேர்தலில் ஹாஜிக்குப் பதினெட்டு ஓட்டுகள் கூடுதலாக விழுந்தன. எல்லாம் புதிதாக ஓட்டுரிமை பெற்ற பிள்ளைகள். வலதுபக்கமாகவே மெல்லும்படி அவர்களைப் பெற்றவர்கள் வீட்டிலேயே பழக்கியிருந்தார்கள்.