இரண்டு பொத்தான்கள்

அண்ணிக்கு உலகத்தில் யார் மீதும் நம்பிக்கை கிடையாது. பால்காரர் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால்கூட, இன்றைக்கு ஏன் கலக்கவில்லை என்று யோசிக்கிற ஆள். அப்படிப்பட்டவளின் மரத்துண்டு மறுபடியும் காணாமல் போனால் சும்மா இருப்பாளா?

தகர மூடி வெட்டும் மெஷினில் அவளுக்கு வேலை. இரண்டு பச்சைப் பொத்தான்களையும் இரண்டு கைகளாலும் அழுத்தினால்தான் மேலேயுள்ள வெட்டு அச்சு இறங்கும். கை உள்ளே மாட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் இடது பொத்தானை ஒரு மரத்துண்டால் இறுக்கிவிட்டால், வலது கை அழுத்த, இடது கை தகரத்தைத் தள்ள, மூடிகள் மளமளவென்று விழும். சூப்பர்வைசரே சொல்லிக்கொடுத்த வித்தை அது. "மூடி குறைஞ்சா திரும்ப பேக்கிங்தான்" என்றும் சொல்லி வைத்திருந்தார்.

பேக்கிங்கில் இருந்தவள் அவளுடைய நாத்தனார். ஒரே வீடு, ஒரே அடுப்பு. இந்த மெஷின் மேல் நாத்தனாருக்கு ஒரு கண் என்று அண்ணி என்றைக்கோ முடிவு கட்டிவிட்டாள்.

வேறொரு துண்டைச் செருகி வைத்துவிட்டு, டீ நேரத்தில் எல்லோரும் வெளியே போனதும் அட்டைப்பெட்டிக் குவியலுக்குப் பின்னால் பதுங்கினாள். நினைத்தது சரி. நாத்தனார் வந்தாள், துண்டைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மாட்டினியாடி! என் பொழப்புல மண்ணைப் போடத்தான் என் கையால தின்னியா?"

"மெதுவா பேசுங்க அண்ணி. இதுல முன்னாடி இருந்த அக்கா ஏன் நின்னாங்க, தெரியுமா?"

"கல்யாணமாகிப் போயிட்டான்னு சூப்பர்வைசர் சொன்னாரு."

"போனாங்க, ஆஸ்பத்திரிக்கு. இடது கையில நாலு விரலும் போச்சு. அதைத் துணியில சுத்தி எடுத்துட்டு ஓடினவ நான்தான். இதே மாதிரி ஒரு துண்டுதான் அன்னைக்கும். வெளியே சொன்னா வேலை இல்லைன்னு எங்க வாயைக் கட்டிட்டாரு."

"வீட்டுலயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொன்னா நம்புவீங்களா? பொறாமையில கதை விடறேன்னு சொல்லுவீங்க."

சொல்லியிருப்பாள்தான். அண்ணிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மணி அடித்தது. சூப்பர்வைசர் புதுத் துண்டோடு சிரித்தபடி வந்தார்.

"பழசு காணோம்னு புலம்பினியே, இந்தாம்மா."

அவள் வாங்கவில்லை. இரண்டு பொத்தான்கள் மேலும் இரண்டு கைகளை வைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன் சார், முன்னாடி இருந்த பொண்ணுக்குக் கல்யாணம்னீங்களே, மோதிரத்தை எந்த விரல்ல போட்டாங்க?"