சு. இசக்கியம்மாள் பேரில் ஓடுவது

தாமிரம் குடியிருப்பில் மூன்று வாரமாக எல்லாமே மெதுவாக நடந்தது. காலை ஆறு மணிக்கு அடுப்பில் வைத்த பால் மத்தியானம் பொங்கியது. மூன்றாம் மாடியிலிருந்து தவறி விழுந்த துணி கிளிப் தரைக்கு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் கீழே போய்க் கையில் பிடித்துவிடலாமே என்று பார்த்தால், படிக்கட்டிலும் அதே கதைதான். சங்கத் தலைவர் பலவேசம் செவ்வாய்க்கிழமை ஒரு தும்மல் தும்மத் தொடங்கினார். முடிப்பதற்குள் புதன் பிறந்துவிட்டது. இனி பொறுக்க முடியாது என்று ஆள் கூப்பிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை வந்தவர் பெயர் ரீகன். நாகர்கோவில்காரர், அதிகம் பேசாதவர். கார் நிறுத்துமிடத்தில் இருந்த மீட்டர் பெட்டியில் தன் மடிக்கணினியைச் சொருகினார். கட்டடத்தில் அந்நேரம் ஓடிக்கொண்டிருந்ததெல்லாம் திரையில் வரிசையாக வந்தது. இட்லி வேகிறது, குழாய் சொட்டுகிறது, இரண்டாம் மாடியில் ஒரு கோபம் தணிந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது யார் பேரில் ஓடுகிறது, எத்தனை சதவீதம் இழுக்கிறது என்றும் போட்டிருந்தது.

"ஆள் ஆளா வடிகட்டிப் பாத்திருவோம்" என்றார் ரீகன். "யாரு பேரைப் போடுதேனோ அவங்களோடது மட்டும் இருக்கும். மத்தது கொஞ்ச நேரம் இருக்காது. கையில சூடா எதுவும் வச்சிருக்காதீங்க."

சுற்றி நின்ற வீட்டுக்காரர்கள் எல்லோரும் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்கள். முதல் மாடி இசக்கியம்மாளும் வைத்தாள். ரீகன் முதலில் பலவேசம் பேரைப் போட்டார். அந்த நேரத்தில் இசக்கியம்மாள் இல்லை. திரும்பி வந்தபோது வலது கால் லேசாக மரத்திருந்தது, அவ்வளவுதான்.

அவள் கணவர் நெல்லையப்பன் பேரில் இரண்டே வரி வந்தது. பேப்பர் படிக்கிறார், மின்விசிறி சுற்றுகிறது. "ஒரு சதவீதம்கூட இல்லியே" என்றார் அவர், கொஞ்சம் மனத்தாங்கலாக. அடுத்து நெ. இசக்கியம்மாள். அவள் பேரில் நாற்பத்து மூன்று வரி. தயிர் உறைகிறது, பெங்களூரில் மகள் தூங்குகிறாள், நெல்லையப்பனின் மாத்திரை ஞாபகம் இருக்கிறது, அவருடைய கண்ணாடி எங்கே கிடக்கிறதென்று தெரிந்திருக்கிறது. இத்தனைக்கும் சேர்த்து நாலு சதவீதம்தான். திருநெல்வேலிப் பக்கம் என்பதால் அந்தக் கட்டடத்தில் இன்னும் இரண்டு இசக்கிகள் உண்டு. அவர்களும் கொஞ்சமாகத்தான் இழுத்தார்கள்.

கடைசியில் ஒரு பேர் மிஞ்சியது. சு. இசக்கியம்மாள். எண்பத்தொரு சதவீதம்.

"ஒரே ஒரு வரிதான்" என்று ரீகன் வாசித்தார். "கூடைப்பந்து. மாவட்ட இறுதி ஆட்டம். ஆரம்பிச்சு இருபத்தாறு வருஷம். ஓடிக்கிட்டு இருக்கு. பாரம் ஏறி ஏறி, இந்த மூணு வாரமாத்தான் கட்டடத்துக்குத் தாங்கல."

"சு. இன்ஷியல்ல இங்க யாரும் கிடையாது" என்றார் பலவேசம், பதிவேட்டைப் புரட்டி. நெல்லையப்பனும் ஆமாம் என்று தலையாட்டினார். மாமனாரை மாமா மாமா என்றே கூப்பிட்டுப் பழகிய மனுஷன். மாமாவுக்குச் சுடலைமுத்து என்று ஒரு பேர் இருப்பது அவருக்கு எங்கே ஞாபகம் வரப்போகிறது?

"ஆள் இல்லாத ஆட்டம் எதுக்கு? நிறுத்திப் போடும் வே" என்றார் பலவேசம்.

"நிறுத்தினா உள்ள இருக்கிற ஒம்பது பிள்ளையளும் அப்படியே போயிரும் சார். நாலு மணி வரைக்கும் பாப்போம். யாரும் வரலைன்னா நிறுத்திருதேன்."

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. அந்தக் கட்டடத்தில் அது நல்ல அவகாசம்.

அது எந்த ஆட்டம் என்று இசக்கியம்மாளுக்குத் தெரியும். அன்றைக்கு அவள் கோட்டில் பந்தோடு நின்றிருந்தாள். எதிரணிக்காரி தள்ளிவிட்டதற்காக இரண்டு ஷாட் அவளுக்கு. சித்தப்பா ஆட்டோவில் வந்து இறங்கி, பெண் பார்க்க நெல்லையப்பன் வீட்டார் வந்துவிட்டார்கள் என்றார். பந்தைக் கோட்டிலேயே வைத்துவிட்டு ஆட்டோவில் ஏறினாள். பனியனுக்கு மேலேயே சேலையைச் சுற்றிக்கொண்டு காப்பி கொடுத்தாள். இருபதாம் நாள் கல்யாணம். ஆட்டம் என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. யாராவது முடித்திருப்பார்கள் என்று நினைத்தாள். பாவிகள், ஒருத்தியும் முடிக்கவில்லை! இவ்வளவு நாளும் நின்றுகொண்டே இருந்திருக்கிறார்கள்.

ஒத்துக்கொண்டால் முப்பது வீட்டாரும் மூன்று வாரத் தொல்லைக்கு அவளைத்தான் பார்ப்பார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த ஒன்பது பேரும் போய்விடுவார்கள்.

"அது என்னோடது" என்றாள்.

நெல்லையப்பன் திரும்பினார். "ஏளா, நீ நெ. இல்லியா?"

"அதுக்கு முந்தி சு."

"அப்படியா" என்றார் அவர்.

ரீகன் பேரைப் போட்டார். கட்டடம் போயிற்று. பலவேசம் போனார், நெல்லையப்பன் போனார். சேலை நெ. பேரில் இருந்ததால் அதுவும் போயிற்று. உள்ளே ஏழாம் எண் பனியன் இருந்தது. முட்டிவலி மட்டும் இரண்டு பேருக்கும் பொது போலிருக்கிறது, கூடவே வந்தது.

மைதானத்தில் வெயில் சாய்ந்திருந்தது. ஒன்பது பெண்களும் முழங்காலில் கையூன்றி நின்றார்கள்.

"எவ்வளவு நேரம்ட்டி? கால் கடுக்குது" என்றாள் ஜெபக்கனி. இசக்கியம்மாளின் அணித் தலைவி அவள்தான். வயது பத்தொன்பது.

"வந்துட்டேன்லா" என்றாள் இசக்கியம்மாள்.

நடுவர் பந்தைக் கொடுத்து இரண்டு விரலைக் காட்டினார். ஆட்ட நேரம் தீர்ந்துவிட்டது, இந்த இரண்டு ஷாட்தான் பாக்கி. எதிரணி நாற்பத்திரண்டு, இவர்கள் நாற்பத்தொன்று. முதல் பந்து சத்தமில்லாமல் உள்ளே போயிற்று. நாற்பத்திரண்டுக்கு நாற்பத்திரண்டு.

இரண்டாவதையும் போட்டால் ஜெயித்தாயிற்று. மேஜையில் கோப்பை தயாராக இருந்தது. கோப்பையை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பையைத் தூக்கித் தோளில் போட்டு பஸ் ஏறிவிடுவார்கள். அப்புறம் சு. இசக்கியம்மாள் பேரில் ஒன்றுமே ஓடாது. அவள் மூன்று முறை பந்தைத் தட்டினாள். வளையத்தைப் பார்த்தாள். ஒரு சாண் இடப்பக்கமாக, வேண்டுமென்றே, எறிந்தாள்.

"அட சண்டாளி!" என்று கத்தினாள் ஜெபக்கனி. கத்தும்போது சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

நடுவர் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். கூடுதலாக ஐந்து நிமிஷம். அதற்கு முன் இடைவேளை.

வடிகட்டலை எடுத்ததும் கட்டடம் வந்தது. ரீகன் திரையைப் பார்த்து, எண்பத்தொன்று ஒன்பதாகிவிட்டது என்றார். பேருக்குச் சொந்தக்காரர் வந்து பக்கத்தில் நின்றால் பாரம் அவ்வளவாகத் தெரியாதாம். இடைவேளை வியாழக்கிழமை நாலு மணிக்கு முடிகிறதாம்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார் நெல்லையப்பன்.

"இல்லீங்க. சமமா நிக்கு. வியாழக்கிழமை இன்னும் அஞ்சு நிமிஷம் ஆடணும்."

அவர் மீட்டர் பெட்டிக்கு இன்னும் கிட்டத்தில் வந்தார். "நான் வந்து பாக்கலாமா?"

"அக்கா பேர்ல இருந்தாத்தான் சார் நீங்க அங்க இருப்பீங்க" என்று ரீகன் ஒரு படிவத்தை நீட்டினார்.

நெல்லையப்பன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஐம்பத்து நாலு வருஷமாகப் போட்டுவந்த பி. என்ற எழுத்தை அடித்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்தி இ. நெல்லையப்பன் என்று எழுதினார். எழுதியதை அவளிடம் காட்டினார். இசக்கியம்மாள் சரியாக இருக்கிறது என்றாள்.

மறுநாள் காலை கேன்வாஸ் ஷூ வாங்கக் கிளம்பியவள், அறிவிப்புப் பலகையில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருப்பதைக் கண்டு நின்று படித்தாள்.

"வியாழன் மாலை நான்கு மணிக்குக் கட்டடம் இருக்காது. கொடியில் காயும் துணிகளை முன்னதாகவே எடுத்துவிடவும். நம் அணிக்குக் கைதட்ட ஆள் போதாது என்று தெரியவருகிறது. படிவங்கள் என்னிடம் கிடைக்கும். இப்படிக்கு, இ. பலவேசம், தலைவர்."