ஏரிக்கரைத் திருப்பம்

"நான் செத்தா வெடி வேணாம்னு அண்ணன்கிட்ட நீ சொல்லிடு."

"உங்க அண்ணன்தான? நீங்களே சொல்லுங்க."

"நான் எப்டி சொல்றது? அந்நேரம் நான் செத்துப் போயிருப்பேனே."

"இப்பவே சொல்றது."

நேசகுமார் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. அதன் நடுவிலிருந்த குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "இப்பவும் முடியாது," என்றார்.

போன வருஷம் மே மாதம், ஒரு சனிக்கிழமை காலையில், ஏரிக்கரையில் இட்லி டப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் பேசிய பேச்சு அது. திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்து ரிட்டையரான நேசகுமார், சித்தூருக்குப் பக்கத்தில் இருந்த சொந்த ஊருக்குத் திரும்பிய பிறகு சனிக்கிழமைகளை ஏரிக்கென்று ஒதுக்கிவிட்டார். சில நாட்கள் தபிதாவும் கூடப் போவாள். பறவைகளைப் பற்றி அவளுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அங்கே காற்று நன்றாக இருக்கும்.

ஏரியைச் சுற்றி ஃபாரஸ்ட்காரர்கள் கம்பி வேலி போட்டு, பறவைகள் சரணாலயம் என்று தெலுங்கில் போர்டு வைத்திருந்தார்கள். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் வருஷா வருஷம் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டின. மே மாதத்தில் குஞ்சுகள் வளர்ந்து கூட்டின் ஓரத்தில் வந்து நிற்கும். ஆனால் பறக்கத் தெரியாது.

முந்தின சாயங்காலம் ஒரு கல்யாண ஊர்வலம் அந்தக் கரைமேல் சரவெடி கொளுத்திக்கொண்டு போயிருந்தது. காலையில் வந்து பார்த்தபோது மரத்தடித் தண்ணீரில் குஞ்சுகள் விழுந்து கிடந்தன. நேசகுமார் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி எடுத்து வந்தார். ஒன்றுக்கு மட்டும் உயிர் இருந்தது. அதைத் துண்டில் சுற்றித் தபிதாவின் மடியில் வைத்தார். அது வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. இட்லி ஆறுவதற்குள் அதுவும் நின்றுபோனது.

கல்லறைத் தோட்டம் அதே கரையின் மறுகோடியில் இருந்தது. மிஷன் காலனியில் யார் செத்தாலும் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும்.

"வேற மாசத்துல செத்தா வெடிச்சிக்கட்டும். குஞ்சு இருக்கற மாசம்னா மட்டும் சொல்லு," என்றார் நேசகுமார்.

"அப்ப டிசம்பர்ல செத்துப்போங்க. எனக்கு ஒரு வேல மிச்சம்."

அவர் சிரித்தார். சிரிப்பில் பைனாகுலர் ஆடியது.

இப்போது மே மாதம். நேசகுமார் கண்ணாடிப் பெட்டிக்குள் கூடத்தில் படுத்திருந்தார். நேற்றுக் காலை நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னவரைத் திருப்பதிக்குக் கொண்டுபோய், சாயங்காலம் ஆம்புலன்ஸில் திரும்பக் கொண்டுவந்தார்கள். தபிதா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பெட்டியின் மோட்டார் நிற்கும்போதெல்லாம் வாசலில் அவருடைய அண்ணன் எலிசா போனில் பேசுவது கேட்டது.

"ஒரு செட்டு பேண்டு பத்தாது சிரஞ்சீவி, ரெண்டு செட்டு இட்டுக்கினு வா. யூனிஃபார்ம் போட்டுக்கினு வரணும். வெடி நான் வாங்கிட்டேன், ஏரிக்கரை திருப்பத்துல பத்தாயிரம் வாலா. ஆமா. என் தம்பிய்யா."

தபிதா எழுந்து வாசல்வரை போனாள். எலிசா அவளைப் பார்த்ததும் போனைப் பையில் போட்டுக்கொண்டார். எழுபது வயதைத் தாண்டியவர். சட்டைப் பட்டனை ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தார்.

"இன்னாம்மா, எதாவது வேணுமா?"

"ஒண்ணுமில்ல மாமா. நீங்க சாப்ட்டீங்களா?"

"எனக்கு இன்னா. நீ ரெண்டு இட்லியாவது துன்னு. சர்ச்ல மயக்கம் போட்டு வுழுந்துடாத."

அவள் திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

பதினொரு மணிக்கு மேல் எலிசாவே உள்ளே வந்தார். கண்ணாடியின்மேல் படிந்திருந்த ஈரத்தைத் தோள் துண்டால் துடைத்தார். நாற்காலி இருந்தும் தரையில், தபிதாவுக்கு எதிரில், உட்கார்ந்தார்.

"எங்க நைனாவ எடுத்த கத உனக்குத் தெரியும் இல்ல?"

தெரியும். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு சாவிலும் அவள் கேட்ட கதை. இருந்தாலும் தலையாட்டவில்லை.

"மெயின் ரோட்டு வழியா மோளம் அடிச்சிக்கினு போகக் கூடாதுன்னு ஊர்க்காரங்க குறுக்க நின்னுக்கினாங்க. வாய மூடிக்கினு சந்து வழியா எடுத்துக்கினு போனோம், திருட்டுப் பொருளக் கொண்டுபோற மாதிரி. பாட்டுகூட பாடல. நேசு சின்னப் பையன். என் கைய புடிச்சிக்கினு, 'ஏண்ணா யாரும் பேசல, ஏண்ணா யாரும் பேசல'ன்னு கேட்டுக்கினே வந்தான். அன்னைக்கே நெனச்சேன், இனிமே நம்ம வூட்ல யாரையும் சத்தமில்லாம அனுப்பக் கூடாதுன்னு." பெட்டிக்குள் பார்த்தார். "இவன் என்னை அனுப்புவான்னு இருந்தேன். முந்திக்கினான் ராஸ்கல்."

தபிதா வாயைத் திறந்தாள். எலிசாவின் கை கண்ணாடியின்மேல், தம்பியின் நெற்றிக்கு நேராக இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பெங்களூரிலிருந்து விடியற்காலையில் வந்து சேர்ந்த மகள் சுஷ்மிதா, அம்மாவுக்கு மோர் கொண்டுவந்தாள். பெரியப்பா எழுந்து போகும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள். "யார்கிட்ட இன்னா சொல்லணும்? காலைலேர்ந்து பாக்கறேன், வாயத் தொறக்கற, மூடற."

தபிதா மோரைக் கையில் வாங்கிக்கொண்டு மகளைப் பார்த்தாள். "உப்பு போட்டியா?" என்றாள்.

மூன்று மணிக்கு பாஸ்டர் வந்து வீட்டில் ஜெபம் செய்தார். சர்ச்சில் ஆராதனை முடிந்தது. சவப்பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பத்தார் முகம் பார்த்தார்கள். தபிதா புருஷனின் காலரைச் சரி செய்தாள். "சொல்லிக்கிறேன்," என்று அவர் காதுக்குக் கேட்கிற அளவில் சொன்னாள். விடைபெறுகிறாள் என்று நினைத்துச் சுற்றியிருந்த பெண்கள் அழுதார்கள்.

ஊர்வலம் மெயின் ரோட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. சிவப்பு யூனிஃபார்மில் இரண்டு செட்டு பேண்டும் முன்னால் போயின. பூ ஜோடித்த வண்டிக்குப் பின்னால், சுஷ்மிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு தபிதா நடந்தாள். கடைத்தெரு தொடங்கும் இடத்தில் எலிசா கையைத் தூக்கினார்.

"சிரஞ்சீவி, கட்டிகா வாயிஞ்சு! நல்லா ஊது!"

சிரஞ்சீவி கன்னம் புடைக்க டிரம்பெட்டை ஊதினான். ஜூஸ் கடையில் மிக்ஸி நின்றது. உரக்கடைக்காரர் படியிறங்கி வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மதனப்பள்ளி பஸ் ஒன்று ஓரமாக ஒதுங்கி வழிவிட்டது. டிரைவர் ஹாரனைத் தொடவில்லை. எலிசா ரோட்டின் நட்டநடுவில் நடந்தார். மாறிப் போட்ட பட்டனோடு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நடந்தார். நேற்றிலிருந்து அழாதவருக்குக் கண்ணீர் தாடைவரை ஓடியது. அவர் துடைக்கவில்லை.

"அம்மா, பெரியப்பா அழறாரு."

"அழட்டும், வுடு."

தபிதா வேகத்தைக் குறைத்தாள். அவளுக்காக வண்டியும் மெதுவாகப் போனது. கடைத்தெரு முழுவதும் பேண்டு வாசித்தது. கடைசிக் கடையைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, தார் ரோடு முடியும்வரை வாசித்தது.

அங்கிருந்து மண்பாதை. இடது பக்கம் திரும்பினால் ஏரிக்கரை. திருப்பத்தில் சரவெடியைச் சிவப்புக் கம்பளம் மாதிரி நீளமாக விரித்து வைத்திருந்தார்கள். எலிசா ஊதுவத்தியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். வேறு யாரையும் கொளுத்த அவர் விடவில்லை. வேலிக்கு அப்பால் கருவேல மரங்கள் நாரைகளால் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. பேண்டு ஒரு பாட்டை முடித்து அடுத்ததைத் தொடங்கும் இடைவெளியில் குஞ்சுகள் இரைக்குக் கத்துவது கேட்டது.

தபிதா மகளின் கையை விட்டாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனாள். செருப்பு ஒன்று மண்ணில் கழன்றது. எடுக்கவில்லை. டிரம் அடிப்பவர்கள் அவளுக்கு வழிவிட்டு அடிப்பதை நிறுத்தினார்கள்.

"மாமா."

எலிசா திரும்பினார். "இன்னாம்மா? தல சுத்துதா? வண்டில ஏறிக்கிறியா?"

"வெடிய கொளுத்தாதீங்க மாமா."

அவர் புரியாமல் பார்த்தார்.

"பேண்டும் இத்தோட போதும். மெயின் ரோட்ல ஊரே எழுந்து நின்னு பாத்துச்சி, நானும் பாத்தேன். இங்க இருக்கறது நாரைங்கதான். குஞ்சு வெச்சிக்கினு கீதுங்க. சத்தம் கேட்டா பயந்து தண்ணில வுழுந்து செத்துடும்." தபிதாவுக்கு மூச்சு வாங்கியது. "அவருதான் கேட்டுக்கினாரு. போன வருசமே. உங்ககிட்ட சொல்ல அவருக்கு வாய் வர்ல. என்னை சொல்லச் சொன்னாரு. எனக்கும் இந்நேரம் வரைக்கும் வர்ல."

சிரஞ்சீவி டிரம்பெட்டை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு எலிசாவைப் பார்த்தான். எலிசா ஏரியைப் பார்த்தார். அவர் கையிலிருந்த ஊதுவத்தி புகைந்துகொண்டே இருந்தது. சாம்பல் நீண்டு, வளைந்து, அவர் செருப்பின்மேல் விழுந்தது. அவர் குனியவில்லை. மரத்தில் ஒரு குஞ்சு கூட்டின் ஓரத்துக்கு வந்து, இறக்கைகளை விரித்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் மடக்கிக்கொண்டது.