கவிழ்த்து வைத்த மக்

என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் பேசி வருஷக்கணக்காகிறது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். கோழிக்கொட்டகைக்குக் கதவை இந்தப் பக்கம் வைப்பதா, அந்தப் பக்கம் வைப்பதா என்று ஆரம்பித்த சண்டை. கடைசியில் இரண்டு கதவு வைத்தார்கள். இவர் ஒன்றில் நுழைவார், அவன் மற்றதில் நுழைவான். நடுவில் கறிக்கோழிகள். அதற்கும் நடுவில் நான்.

"உன் கொழுந்தன்கிட்ட மோட்டார நிறுத்தச் சொல்லு" என்பார் இவர்.

மோட்டார் பக்கத்திலேயே நிற்கும் கொழுந்தன், "உங்க வீட்டுக்காரருக்குக் கையில்லையான்னு கேளுங்க அண்ணி" என்பான்.

நான் போய் நிறுத்துவேன். தபால்காரனுக்காவது ஒரு சைக்கிள் கொடுப்பார்கள்.

தீவனத்தை நாங்களே அரைத்துக் கலக்கிறோம். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, கடைசியாக ஒரு மக் வெள்ளைப் பொடி. மெத்தியோனின் என்று பெயர். சதை வைக்கவும் இறகு முளைக்கவும் கோழிக்கு வேண்டிய அமினோ அமிலம் அது. சோயாவில் இருப்பது பத்தாது. பொடி போட்டாயா என்று கேட்கத்தான் இரண்டு பேருக்கும் வாய் வராதே. அதனால் தானாகவே ஒரு வழக்கம் வந்துவிட்டது. காலையில் முதலில் வருகிறவர் பொடியைப் போட்டு மக்கைப் பலகையில் கவிழ்த்து வைப்பார். கலந்ததை அள்ளிக்கொண்டு போகிறவர் நிமிர்த்தி வைப்பார். அது மட்டும் ஒருநாளும் பிசகியதில்லை.

போன தடவை நோய் விழுந்து பாதிக் கோழி போய்விட்டது. மிச்சத்தை ஏற்றிப்போன வியாபாரி என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்: "இந்தத் தடவையும் எடை வரலைன்னா நான் வேற கொட்டகை பாத்துக்கறேம்மா."

அவர் போனால் கொட்டகையை மூட வேண்டியதுதான். மூடினால் நான் பழையபடி தையல் கம்பெனிக்குப் போக வேண்டும். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அங்கே காலர் தைத்துத் தேய்ந்தவள் நான். கக்கூஸுக்குப் போகக்கூட மேஸ்திரியிடம் டோக்கன் வாங்க வேண்டும். இனி அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்றுதான் இந்தக் குஞ்சுகளைப் பெற்ற பிள்ளையாகப் பார்த்தேன்.

கொட்டகையில் புதுக் குஞ்சு இறங்கிய அதே வாரம்தான் கொழுந்தனுக்குக் கல்யாணமாகிச் சின்னவள் வந்தாள். நல்ல பெண். கையும் காலும் சும்மா இருக்காது. "தீவன ரூமையும் நானே சுத்தம் பண்ணிடறேங்க்கா" என்றாள். புண்ணியமாகப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கோழிகள் தின்றன. அப்படித் தின்றன. ஆனால் எடை ஏறவில்லை. ஒன்று பெரிது, ஒன்று சிறிது, முதுகெல்லாம் மொட்டை. ஒன்றன் இறகை ஒன்று பிடுங்கித் தின்றது. தண்டச்சோறு என்று மனுஷனைத்தான் திட்டுவோம். இந்தத் தடவை கோழிகளைத் திட்டினேன். பாவம், அதுகள் என்ன செய்யும்?

கால்நடை டாக்டர் வந்து ஒரு கோழியைத் தடவிப் பார்த்தார். "கல்லும் மணலும் கொட்டிக் கெடக்கு, சிமென்ட் இல்ல. சுவர் எப்படி எழும்பும்? பொடி மூட்டையக் காட்டுங்க."

காட்டினேன். வாங்கி வைத்தபடி நிறைந்து கிடந்தது.

"இத யார் போடறது?" என்றார் டாக்டர்.

இவர் என்னைப் பார்த்தார். "உன் கொழுந்தன்தான் போட்டிருக்கான். தெனம் காலையில மக் கவுந்துதான இருந்துச்சு?"

கொழுந்தனும் என்னைத்தான் பார்த்தான். "உங்க வீட்டுக்காரர்தான போட்டாரு அண்ணி. நான் வரும்போதே கவுந்திருக்கும்."

வாசலில் ஈரக்கையோடு நின்ற சின்னவள் மெதுவாகச் சொன்னாள். "நான்தாங்க்கா தெனம் சாயங்காலம் கழுவிக் கவுத்து வைக்கறேன். தண்ணி வடியணும்ல?"

இனிமேல் பொடி போட்டாலும் போன நாட்கள் திரும்பாது என்று சொல்லிவிட்டு டாக்டர் கிளம்பினார்.

அப்போதுதான் அது நடந்தது. இவர் திரும்பி, என்னைத் தாண்டி, நேராகத் தம்பியைப் பார்த்தார். "பாத்தியாடா உன் பொண்டாட்டி பண்ணின வேலைய?"

அடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று நினைத்தேன். அடித்துக்கொள்ளட்டும் என்றும் நினைத்தேன்.

"ஆமாண்ணே" என்றான் கொழுந்தன். "வந்ததும் வராததுமா நம்ம வயித்துல மண்ணள்ளிப் போட்டுட்டா."

அண்ணே. இத்தனை வருஷம் எந்த மூட்டைக்குள் கிடந்ததோ அந்த வார்த்தை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போட்டியான்னு ஒரு வார்த்தை கேக்கத் துப்பில்லாத ரெண்டு பேரும், மக்கைக் கழுவினவ மேல பழி போடறீங்களா? அவகிட்ட யாராவது சொன்னீங்களா?"

"நீங்க இதுல தலையிடாதீங்க அண்ணி" என்றான் கொழுந்தன்.

"அதான, அண்ணன் தம்பி பேசும்போது உனக்கென்ன?" என்றார் இவர்.

வியாபாரி வந்தார். ஒரு கோழியைத் தூக்கிப் பார்த்தார், கீழே விட்டார், தராசை வண்டியிலிருந்து இறக்காமலே போய்விட்டார். அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தபடி கொட்டகையை மூடுவதென்று முடிவு செய்தார்கள். அவ்வளவு ஒற்றுமை.

நான் பரணிலிருந்து பழைய கத்தரிக்கோலை எடுத்துத் துரு தேய்த்துக்கொண்டிருந்தேன். சின்னவள் வந்து நின்றாள். அழுது கண் வீங்கியிருந்தது. கையில் அந்த மக்.

"இத இனிமே எப்படி வைக்கணும்க்கா?"

"எப்படி வேணா வையி" என்றேன். "உனக்குக் காலர் தைக்கத் தெரியுமா?"